மல்லிப்பூவின் அடி வாசனை

என் மகனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே “அம்மா, மீட்டிங் இருக்கு” என்று சொல்லிவிடுவாய். நான் சொல்ல வேண்டியது வாசனையைப் பற்றிய விஷயம். அதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூரில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் படி. முதலில் உனக்குக் கோபம் வரப்போகிற சேதியைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று நீ சொல்லியும், நேற்று காட்டுப்பாக்கம் போய் தாரிணியைப் பார்த்துவிட்டு வந்தேன். கல்யாணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து நீ என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: “அவளுக்குப் பிடிவாதம்மா. ஒரு முழம் பூவுக்காக இவ்வளவு தூரம் பண்ணுவாளா?” நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கொண்டே இருந்தாலும் உள்ளே ஒரு அரிப்பு இருந்தது. கூடாரத் துணியின் தையலை இழுத்துப் பார்த்துப் பாஸ் போடும் வேலையை ஃபேக்டரியில் இத்தனை வருஷம் பார்த்தவள் நான். இழுத்துப் பார்க்காமல் எந்தத் தையலையும் விட மனசு வராது.

பூ வைத்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பது தெரியாது. பூந்தமல்லி மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே போய் நின்று, மொட்டு விரியாத மல்லியாகப் பார்த்து வாங்கி, நெருக்கமாகக் கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு போனவள் நான். ஒரே பிள்ளை, முதல் விசேஷம், வருங்கால மருமகள் தலையில் என் கையால் வைக்கிற முதல் பூ. அந்தப் பெருமையோடு அவள் பின்னால் போய் நின்று பின்னலைத் தொட்டேன். அவள் சட்டென்று ஒரு அடி முன்னே நகர்ந்து, திரும்பி என்னைப் பார்த்து, “கனகாம்பரம் இல்லையா ஆன்ட்டி?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் மல்லிச் சரத்தோடு கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். பாடியிலிருந்து வந்திருந்த உன் அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. “இன்னாது இது, பூ வெக்க வந்தா பொண்ணு நகர்ந்துகினு போவுது? பூ வேணான்றவளுக்குக் கல்யாணம் மட்டும் இன்னாத்துக்கு?” என்று கூடமே கேட்கிற மாதிரி சொன்னாள். தாரிணி உன் பக்கம் பார்த்தாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டாள், நான் பூவை வைத்தேன், யாரோ குலவை போட்டார்கள். அவள் குனிந்ததைப் பணிவு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவர்கள் வீட்டில் கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்கு உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாது. “வாங்க சம்மந்திமா. அப்டிக் கூப்டலாமா கூடாதான்னே இப்போ தெர்ல. உக்காருங்க” என்றார். தாரிணி உள்ளேயிருந்து வந்து, “வாங்க ஆன்ட்டி” என்றாள். பூ வைத்த அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அவள் என்னை முதல் தடவையாக ‘அத்தை’ என்று கூப்பிட்டிருந்தாள். இப்போது மறுபடியும் ஆன்ட்டி ஆகிவிட்டேன். அது சுருக்கென்றது.

நான் சண்டை போடப் போகவில்லை. ‘ஏன்’ என்று கேட்கத்தான் போனேன். கேட்டேன். அவள் சொன்னாள்: “அவர்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன் ஆன்ட்டி. மறுநாள் எனக்கு ஆபீஸ்ல டெஸ்ட். கைல சந்தனம் பூசுனா பரவால்ல, கழுவுனா போயிடும். முடியில மல்லி ஏறுனா போகாது. அதனால கனகாம்பரம் வெக்கச் சொல்லுங்க, அதுல வாசனையே கிடையாது, அம்மாகிட்ட மறக்காம சொல்லிடுங்கன்னேன். சொல்லிட்டேன்னு சொன்னாரு.”

சொல்லிட்டேன் என்றாயாமே. என்னிடம் எப்போது சொன்னாய்?

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ‘சென்ட் கம்பெனியில் வேலை’ என்று நீ சொன்னதை, பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நானும் உன் அப்பாவும் எடுத்துக்கொண்டிருந்தோம். சோப்புக்கும் ஊதுபத்திக்கும் பவுடருக்கும் போடுகிற வாசனையை முகர்ந்து மதிப்பிடுகிற வேலை அது. வேலை நாளில் அவள் பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, வாசனை இல்லாத சோப்பைத்தான் தேய்த்துக் குளிக்கிறாள். அந்தத் திங்கட்கிழமை டெஸ்ட்டில் ஒரு அட்டையை முகர்ந்து, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பிரித்து எழுத வேண்டுமாம். தேறினால், அடுத்தவர் செய்த வாசனையை மதிப்பிடுகிற இடத்திலிருந்து தானே வாசனை செய்கிற மேஜைக்குப் போகலாம். அதற்காக மாதக்கணக்கில் பழகியிருக்கிறாள். ஞாயிறு இரவு முழுக்கத் தலையை அலசிப் பார்த்திருக்கிறாள். வீடெல்லாம் மாலையும் பன்னீருமாக இருந்திருக்கிறது. “எந்த அட்டைய எடுத்தாலும் மல்லிதான் ஆன்ட்டி வந்துது. என் தலையிலேருந்து வருதா, அட்டையிலேருந்து வருதான்னே பிரிக்க முடியல” என்றாள். தேறவில்லை. அடுத்த டெஸ்ட் எப்போது வைப்பார்கள் என்று தெரியாதாம். இதை அவள் அழாமல் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கியது, ஏனென்றால் அந்தப் பூவை வைத்த கை என்னுடையது.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். அழுகை நிற்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. வாசனையில் அடுக்கு என்றால் என்ன, அதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன். அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியும் நீளநீளமாக நறுக்கிய வெள்ளை அட்டைகளும் கொண்டுவந்தாள். ஒரு பாட்டிலிலிருந்து அட்டையின் நுனியை நனைத்து, “உடனே மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க, கொஞ்சம் ஆறட்டும்” என்று சொல்லிக் கொடுத்தாள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை வந்தது. அது டாப் நோட்டாம், மேல் வாசனை. “கடையில சென்ட் வாங்குறவங்க இத மோந்து பாத்துட்டுத்தான் காசு குடுப்பாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள இது பறந்துடும்” என்றாள். காபி குடித்துவிட்டு அதே அட்டையை மறுபடி முகர்ந்தேன். எலுமிச்சையைக் காணோம். ரோஜா மாதிரி ஒன்று, கூடவே ஏலக்காய் மாதிரி ஒன்று. அது நடு வாசனை. அடி வாசனை வருவதற்கு இன்னும் நேரம் ஆகும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ராத்திரி பாருங்கள் என்றாள். போன வருஷம் பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த சென்ட், கடையில் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தும் வீட்டில் போட்டபோது வேறு யாருடையதோ மாதிரி இருந்ததே, அதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. அன்று நாம் காசு கொடுத்தது முதல் கால்மணி நேரத்து வாசனைக்கு மட்டும்தான்.

பிறகு ஒரு வம்பு செய்தாள். இன்னொரு அட்டையை நீட்டி, இது என்ன வாசனை என்று சொல்லுங்கள் என்றாள். முகர்ந்ததும் மூக்கைச் சுளித்தேன். பீரோவில் போடும் பாச்சை உருண்டை மாதிரி ஒரு நெடி, அதற்குப் பின்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ். “மல்லிப்பூக்குள்ள இருக்கறது ஆன்ட்டி இது” என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. சாமிக்குப் போடுகிற பூவைப் போய் என்ன பேச்சு இது என்று கேட்டேவிட்டேன். அவள் அசரவில்லை. மல்லிக்கு வேண்டிய மற்ற எல்லாம் சேர்த்த அட்டை ஒன்றைக் கொடுத்தாள். சுத்தமாக, இனிப்பாக, சோப்பு மாதிரி இருந்தது, ஆனால் பூ இல்லை. அப்புறம் அந்த நாற்றத்தில் ஊசி முனையளவு சேர்த்த அட்டையைக் கொடுத்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் விரிகிற மல்லி, அப்படியே வந்து நின்றது. நான் அந்த மூன்று அட்டைகளையும் மாற்றி மாற்றி எத்தனை முறை முகர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுடைய அப்பா வாசற்படியில் நின்று, “அந்தப் பொட்டிய தொறந்தா அது சோறு தண்ணி மறந்துடும். இப்போ நீங்களுமா சம்மந்திமா?” என்று சிரித்தார். கூப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகம் அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது போல.

சும்மா இருப்பேனா? “என் மேல என்ன வாசனை வருது, பிரிச்சுச் சொல்லு பாப்போம்” என்றேன். அவள் என் தோளருகே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். “மேல எலுமிச்சை, பாத்திரம் தேய்ச்சுட்டு வந்திருக்கீங்க. அப்புறம் ரோஸ் பவுடர். தலையில வெந்தயம் காய்ச்சின தேங்காய் எண்ணெய். புடவை ரொம்ப நாளா பீரோவுல இருந்திருக்கு” என்று அடுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “அடியில தைலம் இருக்கு ஆன்ட்டி. முட்டி வலியா?” இந்த வலி வந்து ஆறு மாசம் ஆகிறது. உன் அப்பாவுக்குத் தெரியக் கூடாது, உன் கல்யாண வேலையெல்லாம் அப்படியே நின்றுவிடும் என்று, தைலம் தேய்த்து அதன் மேல் பவுடரைக் கொட்டிக்கொண்டு திரிகிறேன். நீ வாரம் தவறாமல் வந்து போகிறாய். உனக்குத் தெரிந்ததா? குறை சொல்லவில்லை. அவள் பார்க்கிற விதம் எனக்கு அதிசயமாக இருந்தது என்று சொல்கிறேன்.

அவள் கொடுத்த அட்டையோடு மேனாம்பேட்டில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் எனக்கு இன்னும் சோதனை செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது. அட்டைக்கு எங்கே போவது? பத்திரிகை அடிக்கிறவர் மாதிரிக்கு என்று கொடுத்துவிட்டுப் போன கல்யாணக் கார்டுகள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தன. அவற்றை நீளவாக்கில் நறுக்கினேன். உன் அப்பா பதறிப்போய், “அபசகுனமா என்னடி பண்ற?” என்றார். கல்யாணம் நடந்தால் புதிதாக அடித்துக்கொள்ளலாம், நடக்காவிட்டால் இது எதற்கு என்று சொல்லிவிட்டு, நீ வாங்கிக் கொடுத்த சென்ட்டை ஒன்றில், பூஜை அலமாரி ஜவ்வாதைக் குழைத்து ஒன்றில், உன் அப்பா பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிற அத்தரை ஒன்றில் என்று தடவி, டைனிங் டேபிளில் வரிசையாக வைத்தேன். முதலில் முகம் திருப்பிக்கொண்டவர், சாப்பாட்டுக்கு முன்னால் தானாகவே வந்து ஒன்றை எடுத்தார். “இது இப்போ வேற மாதிரி வருதே” என்றார். அதற்கப்புறம் அவர் கைக்கு அட்டை போய்விட்டது, நான் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. விலை உயர்ந்த உன் சென்ட்டின் அடியில் ஈர மரம் மாதிரி ஒன்று. அத்தரின் அடியில் சந்தனம். ஜவ்வாது மட்டும் மேலே கீழே என்று பெரிதாக மாறாமல் ஆரம்பத்தில் எப்படியோ கடைசியிலும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஏன் என்று அவளிடம் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகத்துக்கு அவளுக்கே போன் போட்டேன். அடி வாசனை கடைசியில்தானே வருகிறது, அது வரைக்கும் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “கடைசியில வர்றதில்ல ஆன்ட்டி” என்றாள். “மூணும் ஒண்ணாத்தான் கிளம்புது. அடியில இருக்கறது முதல் நிமிஷத்துலேருந்து இருக்கும். மேல இருக்கற சத்தத்துல நம்ம மூக்குக்குத் தெரியாது, அவ்ளோதான். பழகுன மூக்கு முதல்லயே கண்டுபிடிச்சிடும்.” ஓஹோ, கல்யாணம்கூட இப்படித்தானே என்று ஆரம்பித்தேன். “ஐயோ ஆன்ட்டி, எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. ஆபீஸுக்குச் சுத்திப் பாக்க வர்றவங்க ஒருத்தர் விடாம சொல்லிட்டாங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதனால் உனக்கும் அந்த உபதேசம் கிடையாது.

ஆனால் போனை வைத்த பிறகு உன்னைப் பற்றி யோசித்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து பிளாக்கில் ஜன்னல் கண்ணாடி உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பந்தை அடித்தது நீ. அடி வாங்கியது உன் சிநேகிதன். நீ படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாய், ரொம்ப நேரமாக. ராத்திரி என்னிடம் வந்து அழுதாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, ‘என் பிள்ளை சாது, சண்டைக்கே போகமாட்டான்’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காலேஜில் பிரிவை மாற்றிக்கொண்டதை எங்களிடம் சொல்லப் பயந்து ஒரு செமஸ்டர் முழுக்கச் சமாளித்தாய். அதையும் சாது என்றுதான் சொன்னேன். நீ நல்லவன், கண்ணா. என்னிடம் குரலை உயர்த்தியது கிடையாது, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கினவன். அதெல்லாம் உண்மை. சங்கடமான ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் உன் கண் வேறு எங்காவது போய்விடும் என்பதும் உண்மைதான். அது முதலிலிருந்தே இருந்தது. உன் மேலுள்ள பிரியத்தில் எனக்குத்தான் தெரியவில்லை.

இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த அட்டையை டேபிளில் வைத்தார். எங்கள் கல்யாணத்தன்று, நான் கொண்டுவந்த பாத்திரங்களைப் பார்த்து உன் அத்தை என்ன சொன்னாள் என்பது உனக்குத் தெரியாது, வேண்டாம், விடு. நான் இவரைப் பார்த்தேன். இவர் அண்ணாந்து மண்டபத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. நேற்று அவரே, “ஃபேன் ஓடவே இல்ல அன்னிக்கு. கரண்ட் இல்ல. இருந்தாலும் அதையேதான் பாத்துக்கினு இருந்தேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவரோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஆனால் எங்கேயாவது நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில், பக்கத்தில் இவர் இருந்தும், தனியாக நிற்கிற மாதிரி ஒரு உணர்வு என்னை விட்டுப் போனதே இல்லை. நான் அதைப் பழகிக்கொண்டேன். தாரிணி பழகிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்குப் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற அப்பா இருக்கிறார்.

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கல்யாணம் வேணாம்னு நான் இன்னும் சொல்லல ஆன்ட்டி. டெஸ்ட் போனது போகட்டும், திரும்ப எழுதிக்கலாம். உங்க மேலயும் கோவம் இல்ல, உங்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லாரும் என்னைப் பாத்தப்ப அவர் போனைப் பாத்தாரு. இன்னும் எத்தனை தடவை பாப்பாரோன்னுதான் பயமா இருக்கு.” அவன் அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்துகொண்டே எப்படிச் சொல்வது? கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். நீ என் வீட்டுக்கு மருமகளாக வந்தாலும் வராவிட்டாலும், ஜவ்வாது விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும், நான் வருவேன் என்றேன். வாங்க என்றாள்.

உன் அத்தையிடம் இன்று காலையே பேசிவிட்டேன். பூ விஷயத்தில் தப்பு நம் பக்கம், அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள், சொல்லாமல் விட்டது என் பிள்ளை என்றேன். “பெத்த புள்ளய நீயே காட்டிக் குடுப்பியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வைத்துவிட்டாள். இரண்டு நாளில் பேசுவாள், அவளால் பேசாமல் இருக்க முடியாது. மண்டபக்காரரிடம் வருகிற திங்கட்கிழமை வரை எதுவும் செய்ய வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் தாரிணி வீட்டில்தான் இருப்பாள். தனியாகப் போ. நானோ அப்பாவோ கூட வரமாட்டோம். அவள் அப்பாவும் அம்மாவும் கூடத்தில் இருக்கும்போதே பேசு, மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகாதே. அவள் வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாமல் திரும்பி வா, உனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன். அங்கே போய் என்னம்மா சொல்லட்டும் என்று நீ எனக்குப் போன் செய்வாய், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் வரை நீ கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான். இந்த ஒன்றை எழுதித் தரமாட்டேன். சனிக்கிழமை உன் போனையும் எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா